வெள்ளாப்பில் மடங்கும் விரல்கள்

ஸுஹைறாவுக்கு முதன்முதலாகக் கை மடங்கிப்போனது மகள் ஸம்றா பிறந்த வருசத்து மாரியில். பள்ளியில் சுபஹு பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. வெளிச்சம் இன்னும் வரவில்லை. தொட்டிலில் பிள்ளை பாலுக்கு அழுதது. தூக்கப் போனவளுக்கு விரல்கள் விரியவில்லை. கணுவுக்குக் கணு மணல் அடைத்து வைத்தது போல இறுகிக் கிடந்தன. முழங்கையால் அணைத்துப் பிள்ளையை இழுத்தெடுத்து ஒருவாறு பால் கொடுத்தாள். வெயில் முற்றத்துக்கு வந்தபோது விரல்கள் தாமாகவே அவிழ்ந்தன. பகல் சோறு ஆக்கும்போது அப்படியொன்று நடந்ததே அவளுக்கு மறந்துவிட்டது.

அடுத்த நாள் விடியப்போகும் வெள்ளாப்பிலும் அதுவே. அதற்கடுத்த நாளும்.

"புள்ள பெத்த உடம்பு, குளிர் புடிச்சிரிக்கும். எண்ணெய் பூசு ராத்தா, சரியாப் போகும்" என்றாள் தங்கச்சி நிப்லா.

நற்பிட்டிமுனையில் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். பெற்றவர்கள் இரண்டு பெண்மக்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள். மாப்பிள்ளைமார் அந்த வீடுகளுக்கு வந்து குடியிருந்தார்கள். ஸுஹைறாவின் மாப்பிள்ளை நிப்றாஸ் சாய்ந்தமருதுக்காரன். சாகாமத்துப் பக்கத்து வயல்வட்டைகளில் நெல் வெட்டுமெசின் ஓட்டுபவன். நெல்வெட்டு இல்லாத காலத்தில் உழவுக்குப் போவான். நல்ல உழைப்பாளி, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. விடியமுன் எழும்பி ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வீட்டில் எதிர்பார்த்தது.

ஸுஹைறா தையல்காரி. கல்முனைக் கடையொன்றுக்கு அபாயா தைத்துக் கொடுத்தாள். தைப்பதைவிட, கையோரத்திலும் கழுத்தோரத்திலும் மணி பதிக்கும் வேலைக்குத்தான் அவளைத் தேடி வந்தார்கள். கடுகளவு மணியை ஊசியில் கோர்த்து, பூவும் கொடியுமாக இறக்கிக்கொண்டு போவாள். பகல் லுஹர் தொழுதபின் உட்கார்ந்தால் பொழுதுபடும் மஃரிப் வரை அவளுடைய விரல்கள் ஓயாது. அந்த நேரத்தில் அவளைப் பார்த்தவர்கள் எவரும், காலையில் அதே விரல்களால் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நம்பவும் இல்லை.

மாரி முடிந்து கோடையின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியபோது நோவு பின்வாங்கியது. கை கொஞ்ச நேரம் இறுகும், பிறகு விட்டுவிடும். அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்தாள். மறுபடி வாடை திரும்பி, வானம் இருண்டு, மழை பிடித்த கிழமையே அது திரும்பி வந்தது. இந்தமுறை முழங்காலையும் பாதத்தையும் சேர்த்துக்கொண்டு. கதிரையில் இருந்து தொழுதாள். தொழுமுன் கைகால் கழுவி வுழூ எடுக்கும் தண்ணீர் பட்டால் விரல்கள் தனித்தனியாக நொந்தன.

நோன்பு மாதத்தில் ஒரு புதுமை கண்டாள். ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, சுபஹுக்குப் பிறகு படுத்து, வெயில் ஏறிக் கண் விழிக்கும் அந்த மாதத்தில் கை மடங்கும் நேரமும் மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. பெருநாள் கழிந்து வீடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது அதுவும் தன் பழைய நேரத்துக்கு வந்து நின்றது.

"நோவுக்கும் நோன்பு தெரியுமா ராத்தா?" என்று நிப்லா சிரித்தாள். ஸுஹைறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போகிற ஒன்றை நோய் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போகாமலில்லை. விடிய வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, மரவாங்கில் குந்தியிருந்து, டொக்டரின் முன்னால் போய் நிற்கும்போது பகலாகிவிடும். மடக்குங்க என்றார்கள், மடக்கினாள். நீட்டுங்க என்றார்கள், நீட்டினாள். நோவுக்கு வில்லை கொடுத்தார்கள். வாதமா என்று ஒருமுறை ரெத்தமும் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

அந்தச் செய்தி நிப்றாஸின் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. அதுவரை அவனுக்கு இருந்தது எரிச்சல் மட்டும். இப்போது சந்தேகம்.

"நேத்துப் பின்னேரம் அஸருக்குப் பிறகு பார்த்தன்" என்றான் ஒரு காலையில், ஆறிப்போன அடுப்படியில் நின்றுகொண்டு. "மெசின்ல குந்தி என்ன வேகமாத் தைச்சாய். அந்தக் கை இப்ப எங்க போச்சு?"

"எனக்கும் விளங்குதில்ல. வெள்ளாப்பிலதான் இப்புடி."

"ரெத்தத்தில ஒண்டுமில்ல எண்டு டொக்டரே சொல்லிட்டாரு. உனக்கு என்னைப் புடிக்கல்லயெண்டா அதச் சொல்லு."

அவன் தேத்தண்ணி குடிக்காமலே போனான்.

அவனுடைய ராத்தா றினோஸா இன்னும் வெளிப்படையாகக் கதைத்தாள். கல்யாண வீடொன்றில் பெண்கள் கூடியிருந்த இடத்தில், ஸுஹைறாவின் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "காசுக்கெண்டா நீளுற கை, புருசனுக்கெண்டா மடங்கிப் போகுது. இதுவும் ஒரு வருத்தமா?"

சிரித்தவர்களில் ஸுஹைறாவிடம் அபாயா தைப்பித்தவர்களும் இருந்தார்கள். அவளுக்கு அதைவிட வேறொன்று நொந்தது. றினோஸா சொன்னது பொய் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உண்மையில் கை மாலையில் நீளத்தான் செய்தது. காலையில் மடங்கத்தான் செய்தது. சில நாள் படுக்கையில் கிடந்தபடியே தன்னையே கேட்பாள்: நான் நடிக்கிறேனா? என் மனம் எனக்குத் தெரியாமல் என் கையை இறுக்கி வைக்கிறதா? விரல்களைப் பிடித்துப் பலவந்தமாக விரிப்பாள். கண்ணீர் வந்த பிறகுதான் விடுவாள்.

பிறகு அவள் மறைக்கக் கற்றுக்கொண்டாள். பின்னேரத்திலேயே மறுநாளைக்குச் சுடுதண்ணீர் வைத்து, சூடு ஆறாத போத்தலில் ஊற்றி மூடினாள். பிள்ளையின் உடுப்பைப் பொத்தான் இல்லாததாகத் தைத்தாள். எல்லோருக்கும் முந்தி எழும்பி, வெந்நீர்ச் சட்டிக்குள் கையை அமிழ்த்தி வைத்துக்கொண்டு குசினியில் குந்தியிருப்பாள். நிப்லாவும் தன் வீட்டிலிருந்து வந்து தேத்தண்ணியை ஊற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். நிப்றாஸ் அதை அறிந்தும் அறியாதவன் போலக் குடித்தான்.

ஸம்றாவுக்கு ஐந்து வயது நெருங்கிய மாரியில் அது நடந்தது.

அந்த வருசம் மழை விடவே இல்லை. சுடுதண்ணிப் போத்தல் அந்தக் கிழமைதான் ஒரு வெள்ளாப்பில் ஸுஹைறாவின் கையிலிருந்து விழுந்து உள்ளே நொறுங்கியிருந்தது. நிப்லா மருதமுனையில் மாப்பிள்ளை வீட்டாரின் மௌத்து வீட்டுக்குப் போனவள், வெள்ளம் காரணமாக அங்கேயே தங்கிவிட்டாள். விடியமுன் நிப்றாஸின் போன் அடித்தது. வட்டையில் வரம்புக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, மெசினை உடனே மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று வயல்காரப் போடியார் கத்தினார்.

"கெதியா ஒரு தேத்தண்ணி தா. போகணும்."

அவள் கேத்தலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. நிப்றாஸ் குசினி வாசலில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இதை ஊத்துங்க என்று அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடியில் சீலைத் துண்டைச் சுற்றி, இரண்டு மணிக்கட்டுகளாலும் நெருக்கிப் பிடித்துத் தூக்கினாள். தூங்கி எழுந்த ஸம்றா குளிரில் நடுங்கியபடி பின்னால் வந்து உம்மாவின் காலைக் கட்டிப்பிடித்தாள்.

கேத்தல் நழுவியது.

பிள்ளையின் வலது கை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அவிந்துபோனது. நிப்றாஸ் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினான். அயலார் ஒருவரின் ஆட்டோவில் ஏறினார்கள். ஸுஹைறா செருப்பில்லாமல், நொண்டியபடி, பிரதான வீதி வரை நடந்து அடுத்த ஆட்டோவில் போய்ச் சேர்ந்தாள்.

வார்ட்டில் பிள்ளைக்கு மருந்து கட்டி முடித்த நேர்ஸ், எப்படி நடந்தது என்று கேட்டாள். ஸுஹைறா வாய் திறக்குமுன் றினோஸா சொன்னாள். அவள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள்.

"விடியக் காலையில எழுப்பினா இவவுக்குக் கோவம் வரும் மிஸ்ஸி. கையில இரிக்கிறத எறிவா. அண்டைக்கும் சுடுதண்ணிப் போத்தலப் போட்டு உடைச்சவ."

"அல்லாவுக்காக, மதினி" என்றாள் ஸுஹைறா. "கை வழுக்கினது. இவருக்குத் தெரியும். இவரு வாசல்லதான் நிண்டவரு."

நேர்ஸ் நிப்றாஸைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் போன் கதைச்சிட்டு நிண்டன்" என்றான் கடைசியில். "வடிவாக் காணல்ல."

அவன் கண்டான். கேத்தல் சரிந்தபோது அவனுடைய கண் அவளுடைய கையில்தான் இருந்தது. ஸுஹைறா அதைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வார்ட்டில் யாரோடும் வாதாடவில்லை.

சிறு பிள்ளைக்குச் சுட்ட காயம் என்பதால் விசாரிக்க ஆள் வந்தது. பிரதேச செயலகத்தில் சிறுவர் விசயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர், நடுவயதுப் பெண். அவள் வந்தது பின்னேரம். ஸுஹைறா நடந்ததைச் சொன்னாள். காலையில் கை இறுகிவிடும், எதையும் பிடிக்க ஏலாது என்றாள். உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையிலிருந்த தண்ணீர்ச் சாடியைக் காட்டினாள்.

"அதத் தூக்கிக் காட்டுவீங்களா?"

சாடி நிறையத் தண்ணீர் இருந்தது. ஸுஹைறா அதைப் பார்த்தாள். தூக்க முடியாது என்று காட்டிவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அப்படிச் செய்தால்தான் அவர்கள் சொல்வதெல்லாம் மெய்யாகும். கையை நீட்டிச் சாடியைத் தூக்கினாள். ஒரு துளி சிந்தாமல் திரும்ப வைத்தாள்.

"இப்ப ஏலும்" என்றாள். "வெள்ளாப்பிலதான் ஏலாது."

உத்தியோகத்தர் எழுதிக்கொண்டாள். விசாரணை முடியும்வரை பிள்ளை வாப்பாவோடு இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் அந்தப் பெண் புறப்படும்போது ஸுஹைறாவின் கையைத் தன் கையில் எடுத்து, வீங்கியிருந்த விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தாள். "இத ஒரு வாத டொக்டருக்குக் காட்டோணும். நான் துண்டு எழுதித் தாறன்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸம்றா சாய்ந்தமருதுக்கு, றினோஸாவின் வீட்டுக்குப் போனாள். நிப்றாஸின் உடுப்புகளும் ஒரு பையில் அடங்கி அங்கே போயின. ஸுஹைறா வெறும் வீட்டில் இருந்தாள். கடைக்காரருக்குச் சொல்லியனுப்பி, பாதி மணி பதித்திருந்த அபாயாவைத் திருப்பிக் கொடுத்தாள். மாலையில் கை நன்றாக இருப்பதையே அவளால் சகிக்க முடியவில்லை.

அந்தத் துண்டோடு போய்ப் பார்த்த வாத டொக்டர் சுலக்சனா பாண்டிருப்புப் பெண்; படிப்பு முடித்து வந்து கனகாலம் ஆகவில்லை. கிளினிக்கில் ஸுஹைறாவைக் கண்டதும் மடக்கு, நீட்டு என்று சொல்லவில்லை. "எத்தன மணிக்கு எழும்புவீங்க? எழும்பின பிறகு கை விட எவ்வளவு நேரம் எடுக்கும்? வருசத்தில எந்த மாசம் நோவு கூட?" என்று கேட்டாள். இத்தனை வருசத்தில் ஒருவரும் கேட்காத கேள்விகள். ஸுஹைறா நோன்பு மாதத்துக் கதையையும் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வார்ட்டில நில்லுங்க. நான் வெள்ளாப்பில வந்து பார்க்கிறன்."

சொன்னபடியே வந்தாள். வெளியே மழை இருட்டு. ஸுஹைறா கட்டிலில் மடங்கிய கைகளோடு கிடந்தாள். டொக்டர் கணுக்களை மெல்ல நெரித்தபோது அவள் பல்லைக் கடித்தாள். டொக்டர் ஒரு கப்பை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். அது கட்டிலில் விழுந்து உருண்டது. அந்த நேரத்திலேயே ரெத்தம் எடுத்து அனுப்பினாள். ஸ்கேன் செய்தும் பார்த்தாள். மூட்டுக்குள் வீக்கம் ஏறி நின்றது. இரண்டு விரலில் எலும்பே அரிக்கத் தொடங்கியிருந்தது.

"இது மூட்டு வாதம்" என்றாள் டொக்டர். "முந்திப் பார்த்த பரிசோதனையில சில பேருக்குக் காட்டாது. அதுக்காக வருத்தம் இல்லையெண்டு அர்த்தமில்ல."

"அப்ப ஏன் டொக்டர் பின்னேரத்தில நல்லா இரிக்கி? நான் நடிக்கிறனெண்டுதான் எல்லாரும் சொல்ற. எனக்கே சில நேரம் அப்புடித் தோணுது."

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மரபணு எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க. உடம்பில இருக்கிற ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் அது இருக்கு. என்ன செய்யோணும் எண்ட கட்டளை எல்லாம் அதிலதான். ஆனா எல்லாம் எல்லா நேரமும் வேல செய்யிறல்ல. சிலது பகலுக்கு முழிக்கும், சிலது ராவைக்கு முழிக்கும். அத முழிக்க வைக்க, படுக்க வைக்க உடம்புக்குள்ளயே ஒரு மணிக்கூடு ஓடுது. வீக்கத்தக் கூட்டுற சாமான உண்டாக்கிற மரபணுக்கள் விடியப்புறமாத்தான் கூடுதலா வேல செய்யும். எல்லாருக்கும் அப்புடித்தான். உங்களுக்கு இந்த வருத்தம் இருக்கிறதால அது அளவுக்கு மிஞ்சிப் போகுது. வீக்கத்த அமத்துற சுரப்பும் உடம்பில இருக்கு. அது விடியத்தான் ஏறும். ஏறினாலும் உங்களுக்குப் போதாது. வெயில் வர வர ஒருமாதிரிச் சமாளிக்கும். அதுதான் பின்னேரத்தில தைக்கிறீங்க."

"மாரியில கூடுறது?"

"குளிர் நாடுகள்ல ஆக்களிட ரெத்தத்தப் பார்த்திருக்காங்க. ஆயிரக்கணக்கான மரபணு மாரிக்கு ஒரு மாதிரியும் கோடைக்கு ஒரு மாதிரியும் வேல செய்யுது. குளிர் காலத்தில வீக்கத்துக்கானது கூடுதலா வேல செய்யும். பனி விழாத ஆபிரிக்க நாடொண்டில மழைக் காலத்தில ரெத்தம் மாறுறதயும் கண்டிருக்காங்க. நம்மட ஆக்களிட ரெத்தத்த அப்புடிப் பார்த்ததா நான் அறியல்ல. அதால உங்களுக்கு மாரியில கூடுறது இதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன். ஆனா நீங்க சொல்றத நான் நம்புறன்."

ஸுஹைறா முகத்தை மூடிக்கொள்ளக் கையைத் தூக்கினாள். மடங்கிய விரல்களால் மூட முடியவில்லை. அப்படியே அழுதாள்.

டொக்டர் இன்னொன்றும் செய்தாள். நிப்றாஸைப் போனில் அழைத்து, மறுநாள் விடிய வார்ட்டுக்கு வரச் சொன்னாள். அவன் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். மனைவி இரண்டு மணிக்கட்டாலும் தேத்தண்ணிக் கப்பை நெருக்கிப் பிடித்து, வாயைக் குனிந்து கொண்டுபோய்க் குடிப்பதைப் பார்த்தான். டொக்டர் அவனுக்கும் விளங்கப்படுத்தினாள். அவன் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றான். டொக்டர் போன பிறகு, "ஏன் நீ முதல்லயே வடிவாச் சொல்லல்ல?" என்று கேட்டான்.

"நாலு வரிசமாச் சொன்னன்" என்றாள் ஸுஹைறா.

டொக்டரின் அறிக்கை போனதும் விசாரணை முடிந்தது. தாயின் பேரில் பிழையில்லை என்றார்கள். நிப்றாஸும் தான் கண்டதை இப்போது சொன்னான், கை வழுக்கித்தான் விழுந்தது என்று. உத்தியோகத்தரே ஸம்றாவைக் கூட்டிக்கொண்டு வந்து வளவில் விட்டாள். நிப்றாஸ் வரவில்லை. வருவான் என்று நிப்லா காத்திருந்தாள். ஸுஹைறாவும் காத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தான். கதிரையின் ஓரத்தில் விருந்தாளி போல உட்கார்ந்தான்.

"நான் நம்புறன், ஸுஹைறா. முந்தி நம்பல்ல, அது என்ட பிழை."

அவள் ஸம்றாவை நிப்லாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து நின்றாள்.

"டொக்டர்ட்டத் தனியக் கேட்டன். முழுசா மாறாதாம். மருந்து காலம் பூரா குடிக்கணுமாம். அந்த மருந்து குடிக்கிற மட்டும் புள்ள பெறவும் கூடாதாம்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "எனக்கு ஒரு ஆம்புளப் புள்ள இல்ல. ராத்தா ஒரு இடம் பார்த்திரிக்கா. உன்னில எனக்குக் கோவமில்ல."

நடிக்கிறாள் என்று நினைத்திருந்த காலம் வரை அவன் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டாவது அந்த வீட்டில் இருந்தான். மெய் என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போகிறான். ஸுஹைறாவுக்கு அது விளங்க வெகுநேரம் எடுத்தது. விளங்கியபோது, "புள்ளைக்குச் செலவு குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

காதி நீதிமன்றத்தில் விவாகரத்துக்கான கடைசித் தவணை ஒரு காலைநேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. மருந்து தொடங்கியிருந்தாலும் பிடிபட இன்னும் காலம் இருந்தது. நிப்றாஸ் ஒப்பமிட்டான். பேனையை அவளிடம் நீட்டினார்கள். ஸுஹைறா வாங்கினாள், அது விரல்களுக்கு இடையால் நழுவி மேசையில் விழுந்தது. நிப்லா எடுத்துத் திரும்பவும் விரல்களுக்குள் செருகினாள். மறுபடி விழுந்தது.

"அவசரமில்ல, பகலைக்குப் பிறகு வந்தும் வைக்கலாம்" என்றார் காதி. நல்ல மனிதர்.

அதுவரை அந்த வாங்கில் நிப்றாஸுக்கு எதிரே குந்தியிருக்க அவளால் முடியாது. "மையத் தாங்க" என்றாள். நிப்லா அவளுடைய பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, பிறகு தாளில் அழுத்தினாள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு மிகச் சிறந்த பெறுபேறு எடுத்தவள், கைநாட்டு வைத்து வெளியே வந்தாள். நிப்றாஸ் மழையைப் பார்ப்பவன் போல மறுபக்கம் திரும்பி நின்றான்.

மருந்து கச்சான் காலத்தில் நன்றாகக் கேட்டது. கிழமைக்கு ஒரு தரம் ஒரு வில்லை, அதன் வேகத்தைத் தணிக்க இன்னொன்று. காலையில் கை கொஞ்சம் முன்னதாக விட்டது. இரவில் விழுங்கினால் நோய் ஏறும் நேரம் பார்த்து வயிற்றுக்குள் திறக்கும் ஒரு வில்லை வெளிநாட்டில் இருக்கிறது, இங்கே வருவதில்லை என்று டொக்டர் சொன்னாள். வீக்கம் குறைந்தாலும் அரித்துப்போன எலும்பு திரும்பி வரவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் வெளிப்பக்கமாகச் சரிந்துவிட்டன. மணி பதிக்கும் வேலையை விட்டாள். நேர்த்தையல் மட்டும் தைத்தாள், அதுவும் கொஞ்சம்.

ஸம்றாவின் கை ஆறியது, ஆனால் தோல் இழுத்து, சின்ன விரலும் அதற்கடுத்ததும் உள்ளங்கையோடு சேரப் பார்த்தன. தினமும் எண்ணெய் பூசி விரித்துவிடாவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார்கள். பின்னேரங்களில் ஸுஹைறா பிள்ளையை மடியில் இருத்தி ஒவ்வொரு விரலாக விரிப்பாள். பிள்ளை கத்தும். தாய் விடமாட்டாள். தன் விரல்களைப் பலவந்தமாக விரித்தபோது எவ்வளவு நொந்தது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே விரித்தாள். முடிந்ததும் பிள்ளை தேம்பியபடி அவளுடைய மடியிலேயே தூங்கிப்போகும். அந்த நேரத்தில் மட்டும் அது அவளுடைய பழைய பிள்ளையாக இருந்தது.

காலையில் கிட்ட வராது. றினோஸாவின் வீட்டிலிருந்து வந்த நாள் முதலே அப்படித்தான். எழும்பியதும் கட்டிலின் மறுபக்கத்தால் இறங்கி நிப்லாவின் வீட்டுக்கு ஓடிவிடும். ஒரு நாள் நிப்லா பிடித்து வைத்துக் கேட்டாள்.

"உம்மாட்ட ஏன் போகமாட்டாய்?"

"வெயில் வந்த பிறகு போறன் சாச்சி" என்றது பிள்ளை. "இப்ப உம்மாட கை சுடும்."

நிப்லா அதை ராத்தாவிடம் சொல்லவில்லை. ஆனால் சுவர் மெல்லியது, ஸுஹைறாவுக்குக் கேட்டது.

அடுத்த மாரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்திருந்தது. வெளியே வாங்குங்கள் என்றார்கள். வெளியேயும் சில கிழமை கிடைக்கவில்லை. நோய் காத்திருந்தது போலத் திரும்பி ஏறியது. அந்தக் கிழமைகளில்தான் ஸம்றாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நிப்லா தலைவாரி, வெள்ளை உடுப்பு மாட்டி, சப்பாத்துக் கட்டிவிட்டாள். ஸுஹைறா எழும்ப முடியாமல் யன்னலோரக் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை புத்தகப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டது. எழுதவும் இடது கையைத்தான் பழக்கியிருந்தார்கள்.

வளவு வாசலில் ஸம்றா நின்று திரும்பினாள்.

"உம்மா, போயிட்டு வாறன்."

"போயிட்டு வா மனே. அல்லாட காவல்."

நிப்லா, போய் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வா என்று பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். பிள்ளை யன்னலைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. வெயில் இன்னும் வந்திருக்கவில்லை. அது அசையாமல் நின்றது.

"விடு நிப்லா" என்றாள் ஸுஹைறா உள்ளேயிருந்து. "புள்ளைக்கு நேரமாகுது."